மகளின் பாலிமர் புராஜெக்ட்: ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் மகள் பிளாஸ்டிக்கில் உப்பைக் கலந்து கரண்ட் எடுக்கிறேன் என்கிறார், இதற்கெல்லாம் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது.

அவர் கையில் இருப்பது பி.வி.டி.எஃப். என்ற பாலிமர், அதாவது நீண்ட மூலக்கூறு சங்கிலிகளால் ஆன ஒருவகை பிளாஸ்டிக். அழுத்தினாலோ வளைத்தாலோ மின்னழுத்தம் தரும். இந்தப் பண்பை 1969-ல் வெளியிட்டவர் ஜப்பானைச் சேர்ந்த கவாய். சிக்கல் என்னவென்றால், உருக்கி ஆறவிட்டால் அதன் சங்கிலிகள் பெரும்பாலும் ஆல்ஃபா அமைப்பில் மடங்கிவிடும். அதில் மின்முனைவுகள் (ஒரு முனை நேர், மறுமுனை எதிர் மின்னூட்டம்) எதிரெதிராக நின்று ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். வேண்டியது பீட்டா, அதாவது சங்கிலி நிமிர்ந்து மின்முனைவுகள் ஒரே பக்கம் பார்க்கும் அமைப்பு. உப்பு அல்லது அயனித் திரவம் (திரவ நிலையில் இருக்கும் உப்பு) கொஞ்சம் சேர்த்தால், அயனிகள் சங்கிலியைப் பிடித்து நிமிர்த்திக் கொடுக்கின்றன. உப்பு கூடிப்போனால் பாலிமர் படலத்துக்குள்ளேயே மின்சாரம் கசிந்து சிக்னல் படுத்துவிடும். அந்த அளவைக் கண்டுபிடிக்கத்தான் மாதக்கணக்கில் லேபில் நிற்கிறார். ஒருநாள் நேரில் போய்ப் பாருங்கள். மெல்லிய படலத்தை மணிக்கட்டில் ஒட்டியதும், நாடி துடிக்கத் துடிக்க மின் சிக்னலைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பில் கோடு எழும்பி விழும்.

சரி, வேலை. இந்தப் படலம் தரும் மின்சாரம் மிகச் சொற்பம், அதில் போனை சார்ஜ் செய்ய முடியாது. இதே தலைப்பில் வேலை விளம்பரம் தேடினாலும் அபூர்வமாகத்தான் கண்ணில் படும். ஆனால் லித்தியம் அயன் பேட்டரியின் நேர்மின்வாயில் துகள்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பசையும் பெரும்பாலும் இதே பி.வி.டி.எஃப்.தான்! பாலிமருக்குள் அயனி எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்தவருக்கு பேட்டரி ஆராய்ச்சி அந்நியமல்ல. நம் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் அந்த ஆராய்ச்சியும் நடக்கிறது.

மகளிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எஃப்.டி.ஐ.ஆர். வரைபடத்தில் (படலம் அகச்சிவப்பு ஒளியை எங்கெங்கே உறிஞ்சுகிறது என்று காட்டுவது) 840-ல் வரும் பீட்டா பீக்கையும் 763-ல் வரும் ஆல்ஃபா பீக்கையும் தானே படித்துச் சொல்கிறாரா, இல்லை சீனியர் சொன்னதை எழுதிக்கொள்கிறாரா? சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட்டைத் தானே சால்டர் செய்வாரா? இரண்டாவதற்கு இல்லை என்றால் இந்த விடுமுறையிலேயே கற்றுக்கொள்ளட்டும். பொருளும் தெரிந்து சர்க்யூட்டும் தெரிந்தவர்கள் குறைவு.

பிஎச்.டி. என்றால் பெரும்பாலும் கேட் அல்லது நெட் என்ற தேசியத் தேர்வை எழுத வேண்டும். நெட் மூலம் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் வரும், உங்கள் கையைக் கடிக்காது. அப்புறம், கைடைத் தேர்ந்தெடுக்கும் முன் அவரிடம் முடித்த மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். பேப்பர் எண்ணிக்கையைவிட நான் அதைத்தான் பார்ப்பேன்.