பெரிய நன்கொடையை எதற்கு ஒதுக்குவது?

கேள்வி: குழந்தைகளுக்கு இலவச மாலை வகுப்பு நடத்தும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. ஒருவர் பெரிய தொகை தர முன்வந்திருக்கிறார். "நீங்கள் கொடுப்பதைப் போல் மூன்று மடங்கு அவர் போடுவார்" என்று அறிவித்தால் மற்றவர்களும் கொடுப்பார்களா?

பதில்: கொடுப்பார்கள். ஆனால் மூன்று மடங்கு வேண்டாம். பொருளியலாளர்கள் டீன் கார்லன், ஜான் லிஸ்ட் இருவரும் அமெரிக்காவில் 50,000 பழைய நன்கொடையாளர்களுக்குக் கடிதம் அனுப்பிப் பார்த்து, 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். நீங்கள் சொல்வது போன்ற அறிவிப்பால் வசூல் 19 சதவீதம் கூடியது. ஆனால் சமமாகப் போடுவோம் என்றாலும் மும்மடங்கு என்றாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான்.

பிள்ளைகளுக்குப் பணம் சேர்ந்தால் போதும் என்பது மட்டுமே காரணமாக இருந்தால், பெரிய மனிதர் ஒருவர் கொடுத்ததும் மற்றவர்கள் கையை மடக்கிக்கொள்ள வேண்டும். முழுக்க அப்படி நடப்பதில்லை. 'நான் கொடுத்தேன்' என்ற மனநிறைவும் சேர்ந்துதான் கொடுக்கவைக்கிறது என்று பொருளியலாளர் ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி 1990-இல் விளக்கினார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த நிறைவுதான் உங்கள் வகுப்பை நடத்துகிறது.

சரி, அந்த நிறைவைக் கெடுப்பது எது? உங்கள் கடிதத்தைப் படித்தவர் பணம் அனுப்பப் போனை எடுக்கிறார். தொகையை அடிக்கும்போது, 'இதில் ஆபீஸ் செலவுக்கு எவ்வளவு போகுமோ?' என்று ஒரு சந்தேகம். போனைக் கீழே வைத்துவிடுகிறார்.

2014-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இதைத்தான் சோதித்தது. 40,000 பேரை நான்காகப் பிரித்தார்கள். வெறும் வேண்டுகோளுக்கு வந்தது 8,040 டாலர். சமமாகப் போடுவோம் என்றதற்கு 12,210. ஒருவர் முன்பணம் தந்துவிட்டார் என்றதற்கு 13,220. 'நிர்வாகச் செலவை ஒருவர் ஏற்றுக்கொண்டார், உங்கள் பணம் முழுவதும் நேராகப் பணிக்கே போகும்' என்றதற்கு 23,120! கடைசி மூன்றிலும் பெரிய நன்கொடை அதே 20,000 டாலர்தான்.

ஆகவே அவரிடம் பேசி, அந்தத் தொகையை நிர்வாகச் செலவுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். அப்புறம், கடிதத்தில் புள்ளிவிவரங்களை அடுக்காதீர்கள். ஒரே ஒரு குழந்தையைப் பற்றி எழுதுங்கள், பெற்றோர் சம்மதத்தோடு.

அறிவிக்கும் முன் வாடகை, மின்கட்டணம், கணக்கு எழுதுபவர் சம்பளம் எல்லாம் கூட்டிப் பாருங்கள். ஒரு வருடச் செலவு அந்தத் தொகைக்குள் அடங்காவிட்டால், எத்தனை மாதம் தாங்குமோ அத்தனை மாதத்துக்கு என்று மட்டும் எழுதுங்கள்.