'மார்க்கெட் ரேட்' என்றால் எந்த மார்க்கெட்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இயக்குநர் சம்பளத் தகராறுதான். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். விற்றுமுதல் எவ்வளவு, சம்பளம் எந்தத் தேதியில் முடிவானது என்ற இரண்டையும் எழுதாதவர்களுக்குப் பதில் இல்லை. எனக்கு ஜோசியம் தெரியாது.

பனியன் கம்பெனி, பிரைவேட் லிமிடெட். எம்.டி.யான அண்ணனுக்கு மாதம் 5 லட்சம், 2022-ல் முடிவானது. வருமான வரிச் சட்டத்தின் 40ஏ(2)-ன் கீழ் (இயக்குநர், உறவினர் போன்றவர்களுக்கு அளவுக்கு மீறிக் கொடுத்ததைச் செலவாக ஏற்காத பிரிவு) வரி அதிகாரி 'அதிகம்' என்கிறார். இப்போது ஒரு சம்பள சர்வே வாங்கிக் கொடுத்தால் போதுமா? (திருப்பூர்)

2022-ல் முடிவான சம்பளத்துக்கு இன்றைய சர்வே எதற்கு? அந்த வருஷத்துத் தரவு வேண்டும். அதற்கு முன்னால், எதை வைத்து 'அதிகம்' என்கிறார் என்று எழுத்தில் கேளுங்கள். சந்தை மதிப்பு, தொழிலின் தேவை, கம்பெனிக்குக் கிடைத்த பலன், இவைதான் பிரிவு வைத்திருக்கும் அளவுகோல். நேர்மையான கொடுப்பனவுகளில் இதை வைத்துச் சங்கடப்படுத்தக் கூடாது என்று 1968-ம் வருஷச் சுற்றறிக்கை 6-பி-யே சொல்கிறது. சர்வே ஒரு கால்தான். போர்டு தீர்மானம், அண்ணன் உண்மையில் என்னென்ன வேலை பார்க்கிறார் என்ற குறிப்பு, அவர் இல்லாவிட்டால் எத்தனை பேரை வைக்க வேண்டியிருக்கும் என்ற கணக்கு, இவையும் கோப்பில் இருக்கட்டும். சர்வே எதுவானாலும் மூன்று விஷயம் குறித்திருக்க வேண்டும்: எந்த வருஷம், சர்வேயின் எந்தப் பக்கம், எத்தனை கம்பெனி.

மருமகளுக்குக் கொடுக்கும் சம்பளமும் இந்த 40ஏ(2)-ல் வருமா? (ஈரோடு)

2026 மார்ச் 31 வரையிலான வருஷங்களுக்குப் பொருந்தும் வருமான வரிச் சட்டம் 1961-ன் 'உறவினர்' பட்டியலில் மருமகள் இல்லை. ஆனால் அவரே இயக்குநர் என்றாலோ, கையில் 20 சதவீத ஓட்டுரிமைப் பங்கு இருந்தாலோ வருவார். அப்போது அந்த வருஷங்களுக்கான வரித் தணிக்கைப் படிவம் 3சிடி-யில் 23-ம் பத்தியில் காட்ட வேண்டும்.

பார்ட்னர்ஷிப் ஃபர்ம். பார்ட்னர் சம்பளத்துக்கு எந்த சர்வே நல்லது? (சிவகாசி)

எதுவும் வேண்டாம். பார்ட்னர் சம்பளத்தில் எவ்வளவு செலவாக ஏற்கப்படும் என்பதற்கு அதே 1961 சட்டத்தின் 40(பி) வைக்கும் உச்சவரம்பு, ஃபர்மின் புத்தக லாபத்தை வைத்து வருவது. எந்த சர்வேயும் அதை ஏற்றித் தராது.

கன்சல்டன்ட் ஒருவர், 'தொழில்துறை வழக்கத்துக்கு உட்பட்டதே' என்று லெட்டர்ஹெட்டில் கடிதம் தந்திருக்கிறார். தம்பி என்.சி.எல்.டி.-யில் (தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம்) கம்பெனிகள் சட்டம் 241-ன் கீழ், நிர்வாகம் ஒடுக்குகிறது என்று போட்ட மனுவுக்கு இது போதும்தானே? (கோவை)

இந்தக் கடிதத்தைப் பார்த்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். பல வருஷம் முன்பு நான் பார்த்த ஒரு குடும்பக் கம்பெனி வழக்கில் எங்கள் பக்கத்திலும் இதே மாதிரி ஒரு கடிதம்தான் இருந்தது. எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்து, "எந்தக் கம்பெனிகள்?" என்று கேட்டார். கடிதம் கொடுத்தவரிடம் கேட்டால், "சார், அனுபவத்தில் சொன்னது" என்கிறார். 25,000 ரூபாய் ஃபீஸ் வாங்கிய அனுபவம்!

கோப்பில் இருக்க வேண்டியது ஒரு பக்கத் தாள். சர்வேயின் பெயர், வெளியிட்டவர், தரவு எந்தத் தேதி நிலவரம் (வெளியான தேதி வேறு, குழப்பாதீர்கள்), அட்டவணை எண், பதவிக்கு சர்வே தரும் வேலை விவரம், கலந்துகொண்ட கம்பெனிகள் எத்தனை, அவற்றின் விற்றுமுதல் அளவு, மீடியன் (பாதிப் பேர் சம்பளம் இதற்குக் கீழ்), 75-வது பெர்சன்டைல் (நூற்றில் 75 பேர் சம்பளம் இதற்குக் கீழ்), அந்தத் தொகை சி.டி.சி.-யா (கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) நிலையான சம்பளமா. கீழே தயாரித்தவர் கையெழுத்தும் தேதியும். அந்தத் தேதி சம்பளத்தை முடிவு செய்த நாளுக்கு முந்தியதாக இருந்தால் பாதி வழக்கு அங்கேயே முடிந்தது.

தரவைக் காலத்துக்கு ஏற்றுவதையும் எழுதிக் காட்டுங்கள். 2022 ஏப்ரலில் மீடியன் 60 லட்சம், சம்பளம் முடிவானது 2023 அக்டோபரில் என்று வையுங்கள். 18 மாதம், வருஷம் 9 சதவீதம் என்றால் 68 லட்சம் வரும். அந்த 9 எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஆதாரம் வேண்டும். அப்புறம், பார்த்துவிட்டு ஒதுக்கிய சர்வேக்களையும் காரணத்தோடு எழுதுங்கள். ஒளித்தால் தம்பி கொண்டுவருவார். திரும்பவும் சொல்கிறேன்: எந்த வருஷம், எந்தப் பக்கம், எத்தனை கம்பெனி.

வேலைவாய்ப்புத் தளத்தில் போட்டிருக்கும் சம்பளத்தின் ஸ்கிரீன்ஷாட் செல்லுமா? (சென்னை)

ஊழியர்கள் தாங்களே பதிந்த எண்கள் அவை, பலவீனமான சான்று. வரி அதிகாரி சாட்சியச் சட்டத்தை வரிக்கு வரி பார்க்கமாட்டார், சிவில் கோர்ட் பார்க்கும். 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ன் கீழ் சான்றிதழ் வேண்டும்: ஏ பகுதியில் சாதனத்துக்குப் பொறுப்பானவர் கையெழுத்து, பி பகுதியில் நிபுணர் கையெழுத்து, கூடவே ஹாஷ் மதிப்பு (கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்கும் எண்). முகவரியும் எடுத்த நேரமும் தெரியாத படத்துக்கு யார் கையெழுத்துப் போடுவார்?

எங்கள் விற்றுமுதல் 40 கோடி. பட்டியலிட்ட பெரிய கம்பெனி ஒன்றின் ஆண்டறிக்கையில் எம்.டி.க்கு 6 கோடி. அதை ஒப்பிடலாமா? (ஓசூர்)

ஆண்டறிக்கை அருமையான ஆதாரம், இலவசம் வேறு. எம்.டி. சம்பளம் ஊழியர்களின் மீடியனுக்கு எத்தனை மடங்கு என்பதுகூட அதில் இருக்கும். ஆனால் அந்தக் கம்பெனியின் விற்றுமுதலை நீங்கள் எழுதவே இல்லை, ஏன் என்று எனக்குத் தெரியும். 'எம்.டி.' என்ற பெயர்ப்பலகை ஒன்றாக இருந்தால் வேலை ஒன்றாகிவிடாது. உங்கள் அளவில் ஏழெட்டுக் கம்பெனி தேடுங்கள்.

பப்ளிக் லிமிடெட், நஷ்டம். பயன்மிகு மூலதனம் (சம்பள வரம்புக்காகக் கணக்கிடும் மூலதனம்) சுமார் 50 கோடி. எம்.டி.க்கு எவ்வளவு தரலாம்? (சேலம்)

கம்பெனிகள் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப்படி வருஷம் 84 லட்சம், மேலே போக பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம். கூட்ட அறிவிப்போடு போகும் விவரக் குறிப்பில் தொழில், கம்பெனி அளவு, பதவி, ஆள் ஆகியவற்றோடு ஒப்பிட்ட சம்பள விவரம் கட்டாயம். 'ஒத்திருக்கிறது' என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள்.

சி.இ.ஓ.வாக இருந்து விலக்கப்பட்டேன். 'சந்தை மீடியனுக்குக் குறையாமல்' என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. கம்பெனி வாங்கிய சர்வேயை ரகசியம் என்று தர மறுக்கிறார்கள். ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் விசாரணை) நடக்கிறது. என்ன செய்யலாம்? (பெங்களூரு)

சந்தா ஒப்பந்தத்தில் ரகசியப் பிரிவு இருக்கும், உண்மைதான். நடுவரிடம் ஆவணத்தைத் தாக்கல் செய்ய உத்தரவு கேளுங்கள். கம்பெனி அசையாவிட்டால் நடுவர் அனுமதியோடு 1996 ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 27-வது பிரிவில் கோர்ட்டுக்குப் போகலாம். கம்பெனிப் பெயர்களை மறைத்துத் தந்தாலும் போதும் என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள், மறுப்பது கடினமாகும். அதுவரை, நீங்கள் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய அந்த சர்வேயின் நான்கு பக்கப் படத்தை யாருக்கும் காட்டாதீர்கள். பழைய ஆபீஸ் லேப்டாப்பில் எடுத்தது என்பது ஓரத்திலேயே தெரிகிறது. நான் அழித்துவிட்டேன்.