பெனிசிலின் ஊசி: செவிலியர் கவனிக்க வேண்டியவை – கேள்வி பதில்

கேள்வி (ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்): டெஸ்ட் டோஸில் (ஒவ்வாமை உண்டா என்று பார்க்க முதலில் தோலில் போடும் சிறு ஊசி) தடிப்பு எதுவும் இல்லையென்றால் முழு ஊசியையும் பயமின்றிப் போடலாமா, சிஸ்டர்?

பதில்: மருத்துவர் எழுதியபடி போடலாம்; ஆனால் கவனத்தைத் தளர்த்திவிடாதீர்கள். தோலில் தடிப்பு வரவில்லை என்பது ஒவ்வாமையே இல்லை என்பதற்கு உறுதியான சான்றாகாது. டெஸ்ட் டோஸிலேயே ஒவ்வாமையால் உயிருக்கே ஆபத்தான அதிர்ச்சி நிலைக்குப் போகிறவர்களும் உண்டு என்பதால், அந்தச் சிறு ஊசிக்கு முன்பே அதற்கான அவசர மருந்தான அட்ரினலின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஊசி போட்டபின் குறைந்தது 30 நிமிடம் நோயாளியை உங்கள் கண்பார்வையில் உட்கார வையுங்கள். உள்ளங்கை அரிப்பு, உதடு வீக்கம், குரல் கம்முதல், மூச்சிரைப்பு, "என்னவோ பண்ணுகிறது" என்ற ஒரு சொல், இவற்றில் எதையும் அலட்சியப்படுத்தக் கூடாது. அதிர்ச்சி நிலை என்று தெரிந்தால் நோயாளியைப் படுக்க வைத்து, பெரியவர்களுக்கு 1:1000 அட்ரினலின் 0.5 மில்லியைத் தொடையின் வெளிப்புறத் தசையில் போட வேண்டும். குழந்தைகளுக்கு எடையில் கிலோவுக்கு 0.01 மில்லி. முதலில் அவில் என்ற அரிப்பு, ஒவ்வாமை மருந்தையும் ஸ்டீராய்டையும் போட்டுப் பார்த்து நேரத்தைக் கடத்துவதுதான் நான் மிகவும் அஞ்சும் பழக்கம்.

கேள்வி (வார்டு செவிலியர்): ஒவ்வாமை பற்றி எப்படி விசாரிப்பது?

பதில்: "பெனிசிலின் ஒத்துக்கொள்ளுமா?" என்று மட்டும் கேட்டால் போதாது. அந்தப் பெயரையே கேட்டதில்லை என்று சொன்ன ஒரு பாட்டி, பல் பிடுங்கியபின் சாப்பிட்ட கேப்ஸ்யூலால் உடம்பெல்லாம் தடித்துப் போனதைப் பேச்சுவாக்கில்தான் என்னிடம் சொன்னார். பழைய சீட்டைப் பார்த்தால், அமாக்சிசிலின். ஆம்பிசிலின், கிளாக்சாசிலின், பைபராசிலின் ஆகியவையும் அதே குடும்பம்தான். எந்த மருந்து, சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில், என்ன ஆனது, எப்படிச் சரியானது என்று கேட்டு, நோயாளியின் சொற்களிலேயே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். வெறும் வயிற்றுப்போக்கு ஒவ்வாமை அல்ல. அதை ஒவ்வாமை என்று எழுதிவிட்டால், நல்ல மருந்து ஒன்று அவருக்கு வாழ்நாள் முழுதும் மறுக்கப்படலாம்.

கேள்வி (ஒரு தாய்): ருமாட்டிக் இதய நோய்க்காக என் மகனுக்கு 21 நாளுக்கு ஒருமுறை பென்சத்தீன் பெனிசிலின் போடுகிறார்கள். வலியால் அழுகிறான். ஒருமுறை தள்ளிப் போடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. தொண்டைக்கு வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி மீண்டும் காய்ச்சலைக் கிளப்பினால், ஒவ்வொரு முறையும் இதய வால்வு மேலும் கெடக்கூடும். நாள் தள்ளத் தள்ள இரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்துகொண்டே போகும். வலியைக் குறைப்பது எங்கள் பொறுப்பு. கரைத்த மருந்தை உள்ளங்கைகளுக்கிடையே வைத்துச் சற்று வெதுவெதுப்பாக்கி, இரண்டு மூன்று நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்தி, அடுத்த முறை மறுபக்கத்தில் போட்டால் குழந்தை ஓரளவு தாங்கிக்கொள்வான்.

செவிலியர்களுக்கும் ஒன்று: இந்த மருந்து பால்போலக் கெட்டியானது, தாமதித்தால் ஊசியை அடைத்துக்கொள்ளும், ஆகவே நன்றாகக் குலுக்கி, சற்று அகலமான ஊசியில் எடுத்தவுடன் போட்டுவிடுங்கள். தசையில் மட்டுமே போட வேண்டும். இரத்தக்குழாய்க்குள் சென்றால் இதயமே நின்றுவிடக்கூடும்.

கேள்வி (நர்சிங் மாணவி): கிரிஸ்டலைன் பெனிசிலினையும் ஜென்டாமைசின் என்ற இன்னொரு கிருமிக்கொல்லி மருந்தையும் ஒரே சிரிஞ்சில் கலக்கலாமா?

பதில்: கூடாது, கலந்தால் ஜென்டாமைசின் வீரியம் இழந்துவிடும். தனித்தனியாகக் கொடுத்து, இடையில் சலைன் விட்டுக் குழாயைக் கழுவுங்கள். பெனிசிலின் குப்பியில் பொட்டாசியம் உப்பு என்று அச்சிட்டிருந்தால், 10 லட்சம் யூனிட்டில் ஏறத்தாழ 1.7 மில்லி ஈக்விவலன்ட் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் பழுதான நோயாளியாக இருந்தால், போடுவதற்கு முன் மருத்துவரிடம் அதை நினைவூட்டுங்கள்.