மாட்டுக்கு வர்ற நோய்க்கு என் பையனுக்கு எதுக்கு ஊசி?

கேள்வி: டாக்டரம்மா, நாங்க மயூர் விஹார் ஃபேஸ் 3-ல இருக்கோம், சொந்த ஊர் புதுக்கோட்டை. எதிர் சந்துல ஒரு 9 வயசுப் பையனை டிப்தீரியான்னு ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க. என் பையனுக்கு 5 வயசு 4 மாசம், யூகேஜி படிக்கிறான். ஒன்றரை வயசு வரைக்கும் எல்லா ஊசியும் ஊர்ல போட்டாச்சு, டெல்லி வந்தப்புறம் எதுவும் போடல, கார்டும் ஊர்லயே இருக்கு. மாமியார் "அது தொண்டை அடைப்பான், மாட்டுக்குத்தான் வரும், புள்ளைக்கு வீணா காய்ச்சல் வரவைக்காத"ன்னு சொல்றாங்க. போன தடவை நிஜமாவே ரெண்டு நாள் காய்ச்சல். திரும்ப முதல்லேருந்து போடணுமா? பெரியவங்களுக்கும் வேணுமா? - பெயர் வேண்டாம், டெல்லி

பதில்: உங்க மாமியாரை முதல்ல திட்டாதீங்கம்மா, அவங்க சொல்றதுல பாதி சரி. மாட்டுக்கு மழைக்காலத்துல கழுத்து வீங்கி மூச்சு முட்டுமே, அதுக்கும் நம்ம ஊர்ல தொண்டை அடைப்பான்னுதான் பேரு, மனுசங்களுக்கு வர்ற டிப்தீரியாவுக்கும் அதே பேரு. இங்க இந்திக்காரங்களும் ரெண்டையும் கலகோட்டூன்னுதான் சொல்றாங்க. பேருதான் ஒண்ணு, கிருமி வேற வேற. மாட்டுலேருந்து உங்க பையனுக்கு இது வராது, இருமல் தும்மல்ல இன்னொரு மனுசன்கிட்ட இருந்துதான் வரும்.

அதனால ஊசிக்கு முன்னாடி நான் கேக்கறது ஒண்ணு, அந்த எதிர் சந்துப் பையனோட உங்க பையன் போன வாரம் பத்து நாள்ல விளையாண்டானா, ஒரே வேன்ல போனானா? ஆமான்னா இன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் இதைச் சொல்லுங்க, தொண்டையில ஸ்வாப் எடுப்பாங்க, ஆன்டிபயாடிக் குடுப்பாங்க, அதோட பூஸ்டரும் போட்டுடுவாங்க. ஒட்டுன கிருமி பெரும்பாலும் ரெண்டுலேருந்து அஞ்சு நாள்ல வேலையைக் காட்டும், சில சமயம் பத்து நாள் வரைக்கும் இழுக்கும், அதுவரைக்கும் தினம் தொண்டையைப் பாருங்க.

என்ன பாக்கணும்னா, டான்சில் மேல சாம்பல் கலந்த வெள்ளையா ஒரு படலம், தோல் ஒட்டுன மாதிரி இருக்கும். சாதாரண தொண்டைப் புண்ணுல வர்ற வெள்ளைப் புள்ளி மாதிரி இல்ல, தொட்டா ரத்தம் வரும், தயவுசெஞ்சு யாரும் விரலை விட்டு சுரண்டாதீங்க. கழுத்து ரெண்டு பக்கமும் வீங்கும், முழுங்க முடியாது. இதுல ஏமாத்துற விஷயம் என்னன்னா காய்ச்சல் பெருசா அடிக்காது, 100, 101-லயே நிக்கும், அதனால "லேசான காய்ச்சல்தானே, உப்புத்தண்ணி கொப்புளிக்கட்டும்"னு ரெண்டு நாள் போயிடும், அந்த ரெண்டு நாள்தான் கெடுக்குறது.

ஏன்னா கிருமி தொண்டையிலயே உக்காந்திருக்கும், அது கக்குற விஷம்தான் ரத்தத்துல கலந்து ஊர் சுத்தும். தொண்டை சரியாகி, வீட்ல எல்லாரும் அப்பாடான்னு இருக்கிற ரெண்டாவது வாரத்துல ஹார்ட்டைப் போய் புடிக்கும், அப்புறம் நரம்பைப் புடிக்கும், குழந்தை தண்ணி குடிச்சா மூக்கு வழியா வரும், பேச்சு மூக்கால வரும். இதுக்கு மருந்து குதிரையோட ரத்தத்துலேருந்து எடுக்கிற சீரம், இமாச்சல்ல கசௌலியில சென்ட்ரல் ரிசர்ச் இன்ஸ்டிடியூட்ல தயாரிக்கிறாங்க. (இந்த சீரம் வைத்தியத்துக்குத்தான் 1901-ல மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசே குடுத்தாங்க, பேரிங்னு ஒரு ஜெர்மன்காரருக்கு.) ஆனா அது ரத்தத்துல சுத்திட்டிருக்கிற விஷத்தை மட்டும்தான் புடிக்கும், உள்ள புகுந்து ஒட்டிக்கிட்டதை ஒண்ணும் பண்ணாது, எல்லா ஆஸ்பத்திரியிலயும் ஸ்டாக்கும் இருக்காது. படலம் மாதிரி தெரிஞ்சா பக்கத்து க்ளினிக்ல உக்காந்து நேரம் கடத்தாம பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

இதெல்லாம் அந்தக் காலத்துக் கதைன்னு நினைக்காதீங்க. 2018 செப்டம்பர்ல இதே டெல்லியில, கிங்ஸ்வே கேம்ப்ல இருக்கிற மகரிஷி வால்மீகி தொற்று நோய் ஆஸ்பத்திரியில 20-க்கும் மேல குழந்தைங்க இதுல இறந்து போனாங்க, நிறைய பேர் பக்கத்து உத்தரப் பிரதேசத்துலேருந்து தூக்கிட்டு வந்த குழந்தைங்க, பெரும்பாலும் ஊசி போடாதவங்க.

சரி, உங்க கேள்விக்கு வரேன். நீங்க எதையும் பெருசா தவறவிடல. 6, 10, 14 வாரத்துல மூணு பெண்டாவேலன்ட் (அஞ்சு நோய்க்குச் சேத்துப் போடுற ஊசி), ஒன்றரை வயசுல முத்தடுப்பு ஊசியில (டிப்தீரியா, கக்குவான் இருமல், டெட்டனஸ் மூணுக்கும் சேத்தது) முதல் பூஸ்டர், அடுத்தது 5-லேருந்து 6 வயசுக்குள்ள, உங்க பையன் சரியா அங்கதான் நிக்கிறான். முதல்லேருந்து போட வேண்டியதில்ல, விட்ட இடத்துலேருந்து போட்டா போதும். ஆனா 7 வயசு வரைக்கும் தள்ளாதீங்க, அதுக்கப்புறம் இந்த முத்தடுப்பு ஊசி போட மாட்டாங்க, டிப்தீரியா மருந்து கம்மியா இருக்கிற வேற ஊசிதான். ஒன்றரை வயசோட முடிஞ்சுதுன்னு நிறைய பேர் கார்டை பீரோவுல வெச்சுடறாங்க, ஊசி குடுக்கிற பாதுகாப்பு வருசம் போகப் போக இறங்கும்மா, அதனாலதான் 5, அப்புறம் 10, அப்புறம் 16-ன்னு வெச்சிருக்காங்க. கவர்மென்ட் டிஸ்பென்சரியில இது ஃப்ரீ. கார்டை ஊர்ல யாரையாவது போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பச் சொல்லுங்க, கிடைக்கலன்னாலும் அதுக்காக ஊசியை நிறுத்தி வெக்காதீங்க.

காய்ச்சல் வரும், வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன். அது அந்த ஊசியில இருக்கிற கக்குவான் இருமல் மருந்தால வர்றது, ஒரு நாள் ரெண்டு நாள்ல போயிடும், எடைக்கு ஏத்த பாராசிட்டமால் அளவை அங்கயே கேட்டு எழுதிக்கோங்க. இந்த வயசுல தொடையில இல்ல, கையில போடுவாங்க, கை வலிக்குதுன்னு ஒரு நாள் ஹோம்வொர்க் எழுத மாட்டான்.

பெரியவங்களுக்கும் பத்து வருசத்துக்கு ஒரு தடவை போட்டுக்கிறது நல்லது. அடிபட்டா டெட்டனஸுக்கு மட்டும் போடுற டி.டி. ஊசி இருக்கில்ல, இப்ப அதுக்குப் பதிலா டிப்தீரியாவும் சேந்தது வந்திருக்கு, தமிழ்ல எழுதினா ரெண்டும் டி.டி.தான், கொடுமை, அதனால "டிப்தீரியா சேந்ததா?"ன்னு வாயைத் திறந்து கேட்டுப் போட்டுக்கோங்க.

டிஸ்பென்சரிக்குப் போறப்ப மாமியாரையும் கூட்டிட்டுப் போங்க. நம்ம நாட்டுல குழந்தைங்களுக்கான தடுப்பூசித் திட்டமே 1978-லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி பொறந்தவங்கன்னா அவங்களுக்கு சின்ன வயசுல இது விழுந்திருக்க வாய்ப்பு கம்மி, பிரசவத்தப்ப போட்டதும் வெறும் டெட்டனஸுக்குத்தான். உங்க வீட்ல இந்த நோய்க்கு பாதுகாப்பே இல்லாத ஆள் அநேகமா அவங்கதான். அப்படின்னா அவங்களுக்கு ஒரு ஊசி பத்தாது, மூணு போடணும், எப்ப எப்பன்னு அங்கயே கேட்டுக்கோங்க.