அலாய் வீலும் பிரேக் தூசியும்: நீங்கள் கேட்டவை, என் பதில்கள்

வளசரவாக்கத்தில் வாட்டர் வாஷும் டீட்டெய்லிங்கும் செய்யும் கடை நடத்துகிறேன். வீலுக்கு வாக்ஸ், சீலண்ட் போடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் எழுதுகிறேன்.

அண்ணா நகர்: ஜெர்மன் கார் வைத்திருக்கிறேன் அண்ணா. கழுவி இரண்டே நாளில் முன் வீல் இரண்டும் கறுத்துவிடுகின்றன, பின்னால் அவ்வளவு இல்லை. பிரேக்கில் கோளாறா? வாக்ஸ் போட்டால் நிற்குமா?

கோளாறு இல்லை. பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால் முன் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம், தூசியும் அங்கேதான் அதிகம். ஐரோப்பிய கார்களில் பெரும்பாலும் வரும் லோ மெட்டாலிக் பேடு (உலோகத்தூள் கொஞ்சம் கலந்த பிரேக் கட்டை) நன்றாகக் கடிக்கும், அதற்கேற்ப கறுப்பாகக் கொட்டவும் செய்யும். முன் வீல் இரண்டில் ஒன்று மட்டும் அதிகமாகக் கறுத்தால்தான் கவலைப்பட வேண்டும். காலிப்பரில் (பேடைச் சுழலும் டிஸ்கின் மேல் அழுத்தும் பகுதி) இருக்கும் ஊசி போன்ற பின் இறுகிப் பேடு விடாமல் உரசிக்கொண்டே இருக்கலாம். ஓட்டி நிறுத்தியதும் அந்த வீல் மட்டும் அனல் அடிக்கிறதா, வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா என்று பார்த்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வாக்ஸ் தூசியை நிறுத்தாது. பேடும் டிஸ்கும் உரசுகிற வரை தூசி வந்தே தீரும். வீலின் பெயிண்டுக்கும் தூசிக்கும் நடுவில் ஒரு மெல்லிய படலத்தைப் போடுவதுதான் வாக்ஸும் சீலண்டும் செய்கிற வேலை. அது இருந்தால் தூசி ஒட்டிப் பிடிக்காது, தண்ணீர் அடித்தாலே பெரும்பகுதி போய்விடும், மீதிக்கு ஷாம்பூ போதும். தூசியே குறைய வேண்டும் என்றால் பேடைத்தான் மாற்ற வேண்டும். சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கேட்டால் செராமிக் பேடு கிடைக்கும், ஆனால் உங்கள் மாடலுக்கென்றே வந்ததா என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். வீல் சுத்தத்துக்காக பிரேக் பிடிப்பதில் சமரசம் செய்யக் கூடாது.

வேளச்சேரி: பாடிக்குப் போடுகிற கார்னோபா வாக்ஸ் வீட்டில் இருக்கிறது. அதையே வீலுக்கும் போடலாமா சார்?

போடலாம், கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் சீக்கிரம் போய்விடும். கார்னோபா என்பது பிரேசிலில் வளரும் ஒரு பனையின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு. 82 முதல் 86 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும், அதற்கு முன்பே இளக ஆரம்பிக்கும். ஆனால் பிரேக் டிஸ்க், பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் 200 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்தச் சூடு அப்படியே வீலுக்கு வராது என்றாலும், ஓ.எம்.ஆர் சிக்னல்களில் நின்று நின்று போகிற வண்டியில், மேலே சித்திரை வெயிலும் சேர்ந்தால், வாக்ஸ் பாடியில் நிற்கிற காலத்தில் பாதிகூட வீலில் நிற்பதில்லை. சீலண்ட் செயற்கை பாலிமர், சூட்டையும் ஷாம்பூவையும் அதைவிட நன்றாகத் தாங்கும், சில மாதம் வரும். என்னைக் கேட்டால் வீலுக்குச் சீலண்ட்தான். 'வீல் வாக்ஸ்' என்று டப்பாவில் போட்டு விற்பதிலும் பல உண்மையில் சீலண்ட்தான், பின்னால் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

எதைப் போட்டாலும், போடுவதற்கு முன் செய்கிற சுத்தம்தான் முக்கியம். நிழலில், வீல் கைக்குச் சில்லென்று ஆன பிறகு ஷாம்பூ போட்டுக் கழுவி, பதிந்த இரும்புத்தூளை அயர்ன் ரிமூவரால் எடுத்து, தார்ப் புள்ளி இருந்தால் அதற்கான ரிமூவர் போட்டு, அப்போதும் கை வைத்தால் சொரசொரப்பாக இருந்தால் க்ளே பார் (களிமண் மாதிரி இருக்கும் சுத்தம் செய்யும் கட்டி) தேய்த்து, ஸ்போக் இடுக்கு, நட்டுக் குழி எல்லாம் ஈரம் போகத் துடைத்துவிட்டுப் பிறகு மெல்லிசாக ஒரு கோட்டிங். தடிமனாகப் போட்டால் அதிக நாள் வரும் என்று நினைக்காதீர்கள், துடைக்கத்தான் கஷ்டம். அழுக்கின் மேல் போட்டால் அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டின மாதிரிதான்.

திருவான்மியூர்: வெள்ளி நிற வீலில் ஆரஞ்சுப் புள்ளிகள் வந்திருக்கின்றன. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. கடல் காற்றால் அலாய் துருப்பிடிக்கிறதா?

அலாய் என்பது அலுமினியம், அதில் ஆரஞ்சுத் துரு வராது. நீங்கள் பார்ப்பது பிரேக் டிஸ்கிலிருந்து வந்த இரும்புத்தூள். சூடாகப் பறந்துவந்து க்ளியர் கோட்டில் (பெயிண்டின் மேல் இருக்கும் நிறமில்லாத பூச்சு) பதிகிறது, ஈரம் பட்டதும் அங்கேயே துருப்பிடிக்கிறது. உங்கள் பக்கம் காற்றில் உப்பும் ஈரமும் இருப்பதால் இது சீக்கிரமே நடக்கும். தேய்க்காதீர்கள், கீறல்தான் மிஞ்சும். அயர்ன் ரிமூவர் அடித்துச் சில நிமிடம் விடுங்கள். இரும்பு இருக்கிற இடமெல்லாம் ஊதா நிறமாகி வழியும். அதில் இருக்கும் தயோகிளைகோலேட் என்ற ரசாயனம்தான் இரும்பைப் பிடித்துக் கரைக்கிறது (பார்லரில் முடியைச் சுருட்டப் போடும் மருந்திலும் அதே குடும்பம்தான்). கெட்டுப்போன முட்டை மாதிரி நாற்றம் வரும், அதனால் திறந்த இடத்தில் கையுறை போட்டுச் செய்யுங்கள். வீலில் காயவிடாமல் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். ஒரு முறையில் போகாவிட்டால் இன்னொரு முறை.

வீல் ஓரத்தில் பெயிண்டுக்கு அடியில் வெள்ளையாகப் பொங்கி உரிந்தால் அது வேறு. அதுதான் அலுமினியம் அரிப்பது. கர்பில் (ரோட்டோரக் கல் விளிம்பு) உரசிப் பெயிண்ட் போன இடத்தில் ஆரம்பிக்கும். அதன் மேல் சீலண்ட் போட்டுப் பயனில்லை, பெயிண்டை எடுத்துத் திரும்ப அடிக்க வேண்டும்.

பெரம்பூர்: பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் பளிச்சென்று ஆகிறது என்று ஒருவர் சொன்னார்.

வேண்டவே வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கீறல் வழியாக உள்ளே போய் அலுமினியத்தைத் தின்னும், டிஸ்க், நட்டு எல்லாம் துருவேறும்.

முகப்பேர்: அப்பார்ட்மென்டில் தினமும் காலையில் ஒரு அண்ணன் கார் துடைக்கிறார். வீல்களையும் துடைக்கிறார். சீலண்ட் போட்டால் அதுவும் போய்விடுமா?

துடைக்கிற முறைதான் பிரச்சினை. பிரேக் தூசி இரும்பும் கரியும் கலந்த பொடி. காய்ந்த துணியால் இழுத்தால் க்ளியர் கோட்டிலேயே கோடு விழும், சீலண்ட் எம்மாத்திரம். அதே துணி அப்புறம் பானட்டுக்குப் போனால் பானட்டிலும் கோடுதான். அவரிடம் பதமாகச் சொல்லுங்கள்: வீலுக்குத் தனி பக்கெட், தனித் துணி, தினமும் வேண்டாம், வாரம் ஒரு முறை தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுத் துடைத்தால் போதும். இரண்டு பழைய மைக்ரோஃபைபர் துணியை நீங்களே கொடுத்துவிடுங்கள். அவர்கள் பத்துப் பதினைந்து வண்டிக்கு ஒரே துணியோடு ஓடுகிறார்கள், துணி வாங்கித் தரும் பொறுப்பு நமக்கும் உண்டு. போர் தண்ணீர் என்றால் வெயிலில் காயவிடக் கூடாது, உப்புக் கறை வட்டமாக நிற்கும், உடனே துடைக்க வேண்டும்.

தாம்பரம்: என் அக்கா கொடுத்த வண்டியில் ஸ்டீல் வீலும் பிளாஸ்டிக் கேப்பும்தான். இதற்கெல்லாம் அவசியமா?

கேப்பைக் கழற்றி ஷாம்பூவில் கழுவினால் போதும். உள்ளே ஸ்டீல் வீலில் பெயிண்ட் உரிந்திருந்தால் மட்டும் துருவைத் தேய்த்து எடுத்து டச்சப் பெயிண்ட் அடித்துவிடுங்கள்.

மேடவாக்கம்: செராமிக் கோட்டிங் போடலாமா, இல்லை வீண் செலவா? மழைக்கு முன்பா பின்பா?

செராமிக் கோட்டிங் என்பது காய்ந்து கண்ணாடி மாதிரிக் கெட்டியாகும் திரவப் பூச்சு. புது வீல் அல்லது இப்போதுதான் பெயிண்ட் அடித்த வீல் என்றால் தாராளமாகப் போடலாம், ஒரு வருடத்துக்கு மேல் வரும். வீலைக் கழற்றி உட்பக்கமும் சேர்த்துப் போட்டால்தான் காசுக்கு அர்த்தம், தூசி முதலில் விழுவதே அங்கேதான். திரும்ப மாட்டும்போது நட்டுகளை டார்க் ரென்ச்சில் (எவ்வளவு இறுக்கம் என்று அளவு காட்டும் ஸ்பேனர்), கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்குகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். போட்ட பிறகு குறைந்தது 24 மணி நேரமாவது தண்ணீர் படக் கூடாது, அதனால் ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன், செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள். கீறல் விழுந்த பழைய வீலுக்கு இது தேவையில்லை, சில மாதத்துக்கு ஒரு முறை சீலண்ட் போட்டாலே நன்றாக இருக்கும்.

மேட் (பளபளப்பில்லாத) கறுப்பு வீல் வைத்திருப்பவர்கள் சாதாரண வாக்ஸ் போட வேண்டாம், திட்டுத்திட்டாகப் பளபளக்கும். மேட் பெயிண்டுக்கென்றே வரும் சீலண்டை வாங்குங்கள்.

போரூர்: சீலண்ட் ஸ்ப்ரே அடிக்கும்போது டிஸ்கிலும் பட்டுவிட்டது. ஓட்டலாமா?

உடனே ரோட்டுக்கு எடுக்காதீர்கள். பிரேக் க்ளீனர் ஸ்ப்ரே வாங்கி டிஸ்கின் இரண்டு பக்கமும் அடித்துச் சுத்தமான துணியால் துடையுங்கள். பிறகு காலியான தெருவில் மெதுவாக ஓட்டி நாலைந்து முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். வழுக்கினாலோ சத்தம் வந்தாலோ பேடும் ஊறியிருக்கலாம், மெக்கானிக்கிடம் போங்கள். அடுத்த முறை வீலில் நேரடியாக அடிக்காமல் துணியில் அடித்துத் தடவுங்கள். டயர் பாலிஷுக்கும் இதேதான்.