பாலம் கனவில் வரும்போது

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. பிறையிலிருந்து பினாங்குப் பாலம் வழியாக பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு மோட்டாரில் வேலைக்குப் போய்வந்தவர். எட்டு மாதத்துக்கு முன் பாலத்தில் லோரி மோதி, கூடவே வந்த நண்பர் இவர் கண்ணெதிரே இறந்துபோனார். இவருக்குக் கால் எலும்பு கூடிவிட்டது, தூக்கம்தான் கூடவில்லை. பின்னிரவு இரண்டு, மூன்று மணிக்கு அலறி எழுகிறார். ஒருநாள் எழுப்பப் போன என் கழுத்தையே பிடித்துவிட்டார். தூங்கப் பயந்து விடிய விடிய கைப்பேசியைப் பார்க்கிறார். இரண்டு டின் பியர் குடித்தால்தான் படுக்கிறார். ஏதோ காத்துக் கருப்பு என்கிறார் மாமியார். தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா? நான் வேறு அறையில் படுத்தால் தப்பா?
– ஒரு வாசகி, பிறை

பதில்: சகோதரி, முதலில் உங்கள் கழுத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். கண் திறந்திருந்தாலும் அந்த நொடியில் அவர் பாலத்தில்தான் இருந்தார். எதிரே இருப்பது நீங்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. இனிமேல் கிட்டப் போய்த் தோளைத் தொட்டு எழுப்பாதீர்கள். கால்மாட்டில், கை எட்டாத தூரத்தில் நின்று விளக்கைப் போடுங்கள். வழக்கமாகக் கூப்பிடுவது போலவே கூப்பிட்டு, "ஏங்க, வீட்டுலதான் இருக்கீங்க, நம்ம ரூம்லதான் இருக்கீங்க" என்று தணிந்த குரலில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அவர் காலைத் தரையில் ஊன்றி உட்காரட்டும், குளிர்ந்த தண்ணீர் குடிக்கட்டும். என்ன கனவு என்று அந்த நேரத்தில் கேட்க வேண்டாம்.

வேறு அறையில் படுப்பதில் தப்பே இல்லை. ஆனால் சொல்லாமல் பாயைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். கண்ணெதிரே நண்பரை இழந்தவர், மனைவியும் விலகிப் போகிறாள் என்று நினைத்துக்கொள்வார். பகலில், இருவரும் நிதானமாக இருக்கும்போது, கொஞ்ச நாளைக்குத்தான் என்று பேசி முடிவு செய்யுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பிடிஎஸ்டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய் போலத்தான் தெரிகிறது. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த அறிகுறிகள் ஒரு மாதம் தாண்டியும் விடவில்லை என்றாலே டாக்டரைப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் எட்டு மாதம் ஆகிவிட்டது.

கனவு அதிகம் வரும் உறக்கக் கட்டத்தில் கண்கள் மூடிய இமைக்குள் ஓடிக்கொண்டிருக்கும், கை கால் தளர்ந்துவிடும். உடம்பை உஷார்ப்படுத்தும் நோர்அட்ரினலின் என்ற சுரப்பும் அப்போது அடங்கிவிட வேண்டும். பிடிஎஸ்டி உள்ள பலருக்கு அது சரியாக அடங்குவதில்லை. உடம்பு படுத்திருக்கிறது, காவல்காரன் மட்டும் விழித்திருக்கிறான். கிரில் கதவைப் பூட்டினோமா என்று அவர் நாலு தடவை எழுந்து பார்க்கிறாரா? அதுவும் இந்தக் காவலின் ஒரு பகுதிதான். மாமியாரோடு சண்டை போட வேண்டாம். தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போய்க் கும்பிட்டு வருவது அவர் மனசுக்கு ஆறுதல் தந்தால் போய் வரட்டும். ஆனால் சிகிச்சையை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

பியர் விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். மது, இரவின் முன்பாதியில் கனவு உறக்கத்தை அமுக்கிவிடும். பின்பாதியில் போதை இறங்கியதும் அது திமிறிக்கொண்டு எழும். இரண்டு மூன்று மணிக்கு அவர் அலறுவதில் அந்த இரண்டு டின்னுக்கும் பங்கு இருக்கலாம். இரண்டு டின் என்பது அவர் உங்களிடம் சொன்ன கணக்காக இருந்து, உண்மையில் தினமும் நிறையக் குடிப்பவர் என்றால் ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள். டாக்டர் மேற்பார்வையில் குறைப்பதே பாதுகாப்பு.

மாத்திரை? நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். வேலியம் வகைத் தூக்க மாத்திரைகள் பிடிஎஸ்டிக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. பழக்கமாகிவிடும், பியரோடு சேர்ந்தால் மூச்சையே அமுக்கும். பிராசோசின் என்ற பழைய இரத்த அழுத்த மருந்தைக் கெட்ட கனவுக்குக் கொடுப்பதுண்டு. 2018இல் வெளிவந்த, அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்த பெரிய ஆய்வில் அது, ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த மருந்தில்லாத வெற்று மாத்திரையை விஞ்சவில்லை. ஆனாலும் சிலருக்குக் கேட்கிறது. அதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

நான் அதிகம் நம்புவது பகலில் செய்யும் வேலையை. இரவில் வரும் கனவைப் பகலில் திருத்தி எழுதும் ஒரு பயிற்சி இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் கனவை எழுதி, அதை எங்கே வேண்டுமானாலும் மாற்றலாம். லோரி வேறு பாதையில் போய்விடலாம், பாலம் முடிந்து இருவரும் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடிக்கலாம். நடந்தது மாறாது என்பது அவருக்கும் தெரியும். இது கனவுக்குக் காட்டும் வேறு வழி, அவ்வளவுதான். மாற்றிய கதையை மட்டும் தினமும் பத்து இருபது நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும், படுக்கைக்குப் போகும் நேரத்தில் அல்ல. ஆனால் அவருக்கு வருவது விபத்தின் அச்சு அசல் காட்சி என்றால் வீட்டில் தனியாக ஆரம்பிக்க வேண்டாம். மனநல நிபுணர் பக்கத்தில் இருந்து, முதலில் லேசான ஒரு கனவில் பழக்கிவிட்டுத்தான் அதைத் தொடுவார். விபத்து நினைவையே படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் பேச்சு சிகிச்சையும் உண்டு. கனவோடு மற்ற அறிகுறிகளையும் சேர்த்துக் குறைப்பது அதுதான்.

அதுவரை, எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழட்டும். மதியத்துக்குப் பிறகு கோப்பி ஓ, அதாவது பால் சேர்க்காத காப்பி, வேண்டாம். இருபது நிமிடம் புரண்டும் தூக்கம் வரவில்லையென்றால் கைப்பேசியை வைத்துவிட்டு ஹாலில் உட்கார்ந்து, கண் சொக்கியதும் திரும்பட்டும். வேலைக்குத் திரும்பும்போது நைட் ஷிப்ட் வேண்டாம் என்று டாக்டரிடம் கடிதம் கேளுங்கள்.

ஒன்றை நீங்கள்தான் கவனிக்க முடியும். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று, திணறி விழிப்பது உண்டா? பிடிஎஸ்டி உள்ளவர்களிடம் உறக்க மூச்சுத்தடையும் அடிக்கடி சேர்ந்தே இருக்கும். அதைச் சரிசெய்தாலே கனவு குறைந்தவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசு சுகாதார நிலையத்துக்குப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். மனநலப் பிரிவுள்ள அரசு மருத்துவமனைக்கு அங்கே கடிதம் தருவார்கள். ஒரு வாரம் அவர் படுத்த நேரம், எழுந்த நேரம், அலறிய நேரம், குடித்த அளவு ஆகியவற்றைக் குறித்து எடுத்துப் போங்கள். "சாக்கிட் ஜீவா" (மனநோயாளி) என்று பெயர் வந்துவிடுமோ என்று அவர் தயங்கினால், தூக்கத்துக்காகப் போகிறோம் என்றே அழைத்துப் போங்கள், அது பொய்யில்லை. வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தையும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ ஏற்கும். கால் காயத்துக்கு மனு செய்திருந்தால் இந்தச் சிகிச்சைச் சீட்டுகளையும் பத்திரப்படுத்தி, அவர்களிடம் காட்டிக் கேளுங்கள்.

"அவனோட நானும் போயிருக்கலாம்" என்று அவர் எப்போதாவது சொல்கிறாரா? சொன்னால் காத்திருக்காதீர்கள். சாக நினைக்கிறீர்களா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 15555 என்ற மலேசிய சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணை அழையுங்கள், அவசரமென்றால் நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். போலீஸ் கேஸாகிவிடும் என்ற பயம் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது.