போட்டி எங்கே நடக்க வேண்டும்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நகரப் பேருந்துகள் பற்றிய உங்கள் கட்டுரையில் ஹெர்பர்ட் மோரிங் என்ற பொருளியலாளரின் ஆய்வைக் காட்டி, பேருந்துக்கு மானியமும் வேண்டும், ஒழுங்குமுறையும் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. எங்கள் பக்கம் டவுன் பஸ் பெர்மிட் என்பது நிலம் போல ஒரு சொத்து. வைத்திருப்பவர் கைமாற்றி விடுகிறார், புதிதாக வருபவருக்கு வழியில்லை. இரண்டு நிமிட டைமிங்குக்காக பஸ் ஸ்டாண்டில் சண்டை நடக்கிறது. தகுதியான வண்டியும் லைசன்ஸும் உள்ள யாரும் எந்த ரூட்டிலும் ஓட்டலாம் என்று திறந்துவிட்டால் கட்டணமும் குறையும், வண்டியும் கூடும் அல்லவா? பிரிட்டன் 1986இல் செய்தது அதைத்தானே? கடைசியாக ஒன்று: என்னைப் போன்ற பயணிகள் இதில் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

ஆர்., பொள்ளாச்சி

அன்புள்ள ஆர்.,

பெர்மிட் சொத்தாகிப்போனது பற்றிய உங்கள் கோபம் நியாயமானது. அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவோடுதான் எனக்குச் சண்டை. பேருந்துத் தொழிலுக்குப் போட்டி கட்டாயம் வேண்டும். ஆனால் அது சாலையில் நடக்க வேண்டுமா, டெண்டர் மேசையில் நடக்க வேண்டுமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதைப் பார்க்க நீங்கள் சொன்ன பிரிட்டனை விடப் பொருத்தமான இடம் இல்லை. ஒரே நாட்டில், ஒரே காலத்தில், இரண்டையும் செய்து பார்த்தவர்கள் அவர்கள்.

முதலில் மோரிங். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த அவர் 1972இல் வெளியிட்ட கட்டுரையின் கரு இதுதான்: பேருந்துச் சேவைக்கு டீசலும் ஓட்டுநரும் முதலாளி போடுவது, காத்திருக்கும் நேரம் பயணி போடுவது. இரண்டையும் சேர்த்துக் கூட்டினால்தான் உண்மையான செலவு தெரியும்.

என் எண்களை வைத்து ஒரு கணக்குப் போடுகிறேன். ஒரு ரூட்டில் மணிக்கு 400 பேர் ஏறுகிறார்கள். ஒரு வண்டி ஒரு நடை போய்வர 1,000 ரூபாய் செலவு. காத்திருக்கும் ஒரு மணி நேரத்தை 80 ரூபாயாக மதிப்பிடுவோம். வண்டிகள் சீரான இடைவெளியில் வந்தால் பயணி சராசரியாக அந்த இடைவெளியில் பாதி நேரம் நிற்பார். மணிக்கு 4 வண்டி விட்டால் வண்டிச் செலவு தலைக்கு 10 ரூபாய், காத்திருப்பு ஏழரை நிமிடம், அதன் மதிப்பும் 10 ரூபாய், ஆக 20. வண்டியைக் கூட்டிப் பாருங்கள், குறைத்துப் பாருங்கள், மொத்தம் 20க்குக் கீழே போகாது. இப்போது பயணிகள் நான்கு மடங்காகி 1,600 ஆகட்டும். வண்டிகளை நான்கு மடங்காக்கத் தேவையில்லை, 8 போதும். வண்டிச் செலவு தலைக்கு 5, காத்திருப்பு மூன்றே முக்கால் நிமிடம், அதற்கு 5. மொத்தம் 10 ரூபாய். வண்டிகளின் எண்ணிக்கை பயணிகளின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூட வேண்டும் என்பதுதான் மோரிங்கின் விதி. வண்டியில் இடம் இருக்கும்வரைதான் அது செல்லும். நெரிசல் நேரத்தில் வண்டி நிரம்பிவிட்டால் எத்தனை வண்டி என்பதை இருக்கைகள்தான் முடிவு செய்யும்.

இதிலிருந்து வருவது பலரும் ஏற்கத் தயங்கும் முடிவு. கூடுதலாக ஒரு பயணி வந்தால், அவரை முன்னிட்டு நடை கூடுகிறது, மற்ற எல்லோருடைய காத்திருப்பும் குறைகிறது. 400 பேர் கணக்கில் ஒரு புதிய பயணியால் மொத்தச் செலவு கூடுவது 10 ரூபாய்தான். அதை அவர் நிறுத்தத்தில் நின்று தன் நேரமாகவே கொடுத்துவிட்டார். அவரிடம் மேற்கொண்டு வாங்க வேண்டிய கட்டணம், இந்த எளிய கணக்கில், பூச்சியம். நடைமுறையில் ஏறி இறங்க ஆகும் நேரமும் நெரிசலும் சேர்வதால் அது பூச்சியத்துக்கு மேலே போகும். ஆனாலும் வண்டிச் செலவு முழுவதையும் ஈடுகட்டும் அளவுக்கு வராது. மானியத்துக்கு ஆதாரம் இங்கேதான் இருக்கிறது. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்தப் பணம் நடைகளாக மாற வேண்டும். கட்டணத்தைக் குறைத்துவிட்டு நடைகளைக் கூட்டாவிட்டால் நிறுத்தத்தில் நிற்பவருக்கு மோரிங் சொன்ன பலன் எதுவும் போய்ச் சேராது.

இனி உங்கள் கேள்வி. யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று திறந்துவிடுகிறோம். ஒருவர் 15 நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓட்டுகிறார். நீங்கள் புதிதாக வருகிறீர்கள். உங்கள் வண்டியை எந்த நேரத்தில் விடுவீர்கள்? ஏழரை நிமிடம் தள்ளி விட்டால் பயணிக்கு நல்லது, கூட்டத்தில் பாதி உங்களுக்கு. அவர் வண்டிக்கு இரண்டு நிமிடம் முன்னால் விட்டால் 13 நிமிடமாகச் சேர்ந்த கூட்டம் முழுவதும் உங்களுக்கு. அடுத்த மாதம் அவர் உங்களுக்கு முன்னால் வருவார். வண்டிகள் இரண்டு மடங்காகின்றன, பயணி நிற்கும் நேரம் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. கட்டணத்திலாவது போட்டி வருமா? இரண்டு ரூபாய் குறைவான அடுத்த வண்டிக்காக யாரும் பத்து நிமிடம் நிற்க மாட்டார்கள், வந்த வண்டியில் ஏறிவிடுவார்கள். அதனால் கட்டணத்தைக் குறைப்பவருக்குப் பெரிய ஆதாயம் கிடைப்பதில்லை.

பிரிட்டனில் இது முன்கூட்டியே விவாதிக்கப்பட்டது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் கென் குவில்லியம், கிறிஸ் நாஷ், பீட்டர் மேக்கி மூவரும் 1985இல் எதிர்த்து எழுதினார்கள். மைக்கேல் பீஸ்லியும் ஸ்டீபன் கிளெய்ஸ்டரும் ஆதரித்துப் பதில் எழுதினார்கள். அரசு, ஆதரித்தவர்கள் பக்கம் நின்றது. 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி 1986 அக்டோபர் 26 முதல், லண்டன் நீங்கலாக பிரிட்டன் முழுவதும் திறந்துவிடப்பட்டது. அன்று 42 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துப் பதிவு செய்தால் போதும், ரூட்டும் நேரமும் கட்டணமும் நிறுவனத்தின் விருப்பம்.

ஆதரவாளர்கள் சொன்னதில் ஒன்று பலித்தது. கிலோமீட்டருக்கு ஆகும் செலவு நன்றாகக் குறைந்தது. பழைய பொதுத்துறை நிறுவனங்களில் எவ்வளவு வீண் செலவு இருந்தது என்பதற்கு அது சாட்சி. பேருந்துகள் ஓடிய தூரமும் கூடியது. ஆனால் பயணிகள் குறைந்தார்கள், கட்டணம் விலைவாசியைத் தாண்டி ஏறியது. போட்டி கடுமையாக இருந்த ஊர்களில் அது நீடிக்கவும் இல்லை. டார்லிங்டன் நகரில் 1994இல் ஒரு பெரிய குழுமத்தின் கிளை, நகராட்சி நிறுவனத்தின் ஓட்டுநர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு இலவசமாகவே வண்டி விட்டது. நகராட்சி நிறுவனம் மூடப்பட்டது. ஏகபோக விசாரணை ஆணையம் அடுத்த ஆண்டு அந்தச் செயலைக் கடுமையாகக் கண்டித்தது. ஆனால் அதற்குள் டார்லிங்டனில் போட்டி முடிந்துவிட்டிருந்தது.

லண்டன் வேறு வழியில் போனது. 1985 முதல் ஒவ்வொரு ரூட்டாக டெண்டர் விட்டார்கள். எந்த வழி, எத்தனை நிமிட இடைவெளி, என்ன வண்டி, என்ன கட்டணம் என்பதை எல்லாம் பொது அமைப்பு தீர்மானிக்கும். அதைக் குறைந்த செலவில் யார் ஓட்டித் தருவார் என்பதில்தான் போட்டி. கிலோமீட்டர் செலவு அங்கேயும் குறைந்தது, மற்ற ஊர்களைப் போலப் பயணிகள் விட்டுப்போகவில்லை. கடைசியில் மான்செஸ்டர் பெருநகரமும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பயன்படுத்தி 2023 செப்டம்பரில் இந்த முறைக்கு மாறத் தொடங்கி, 2025 ஜனவரியில் முழுவதுமாக மாறியது. மாறும்போது முக்கியமான டிப்போக்களைப் பொதுக் கையில் வாங்கிக்கொண்டார்கள். பலரும் கவனிக்காத புத்திசாலித்தனம் அது. டிப்போ பழைய நிறுவனத்திடம் இருந்தால் டெண்டருக்கு வேறு யாரும் துணிந்து வர மாட்டார்கள்.

டெண்டர் விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ஒப்பந்தம் எதற்குப் பணம் தருகிறதோ அதுதான் கிடைக்கும். சிலியின் சாண்டியாகோவில் முன்பு ஓட்டுநருக்கு டிக்கெட் கணக்கில் கூலி, அதனால் பயணிக்காக நடுரோட்டில் பந்தயம். 2007 பிப்ரவரி 10 அன்று நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் வண்டி ஓட்டத் தரும் டிரான்சான்டியாகோ திட்டத்துக்கு ஒரே நாளில் மாறினார்கள். பயணிகள் வந்தாலும் வராவிட்டாலும் வருமானத்தின் பெரும்பகுதிக்கு உத்தரவாதம் இருந்ததால், போதுமான வண்டிகளை வெளியே எடுக்க நிறுவனங்களுக்கு அவசரம் இல்லை. யார் எத்தனை வண்டி விட்டார் என்று கண்காணிக்கும் கருவி ஏற்பாடும் அன்று தயாராக இல்லை. நிறுத்தங்களில் மக்கள் குவிந்தார்கள்.

கிலோமீட்டருக்கு மட்டும் பணம் தந்தால் வேறொரு கோளாறு. நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் 1964இல் கணக்கிட்டுக் காட்டியது இது. ஒரு நிறுத்தத்துக்கு நிமிடத்துக்கு 2 பேர் வருகிறார்கள், ஒருவர் ஏற 3 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஒரு நிமிடம் தாமதமானால் கூடுதலாக 2 பேர், 6 விநாடி. அதாவது ஒவ்வொரு நிறுத்தத்திலும் தாமதம் பத்தில் ஒரு பங்கு வளர்கிறது. பத்து நிறுத்தம் தாண்டும்போது ஒரு நிமிடம் ஏறத்தாழ 2.6 நிமிடமாகிவிடும். பின்னால் வரும் வண்டிக்குக் கூட்டம் குறைவு, அது வேகமாக வந்து முன்னதை ஒட்டிக்கொள்ளும். இதில் ஓட்டுநர் மேல் குற்றமில்லை. கடைசி நிறுத்தத்தில் தாமதத்தை விழுங்கப் போதிய ஓய்வு நேரம் வேண்டும். வழியில், வண்டியில் ஆள் குறைவாக இருக்கும் ஓரிடத்தில், நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட வண்டியை நிறுத்திவைக்க வேண்டும். கூட்டம் நிறைந்த இடத்தில் நிறுத்தினால் உள்ளே இருப்பவர்களின் நேரம் வீணாகும். இரண்டும் நிறுவனத்துக்குச் செலவு, கிலோமீட்டர் கணக்கில் அதற்கு ஒரு பைசா வராது.

அதனால்தான் லண்டனில் 2001 முதல் ஒப்பந்தத்தில் மிகைக் காத்திருப்பு என்ற அளவைச் சேர்த்தார்கள். 12 நிமிடத்துக்குள் வண்டி உள்ள ரூட்டுகளில், பயணி உண்மையில் நின்ற சராசரி நேரத்திலிருந்து அட்டவணைப்படி நின்றிருக்க வேண்டிய நேரத்தைக் கழித்தால் வருவது அது. குறைந்தால் ஊக்கத்தொகை, உச்சவரம்பு ஒப்பந்தத் தொகையில் 15 சதவீதம். கூடினால் பிடித்தம், 10 சதவீதம் வரை. பயணியின் நேரம் முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் ஏறிவிட்டது. மோரிங் கணக்கின் விட்டுப்போன பாதியை ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்த இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

நம் ஊருக்கு வருகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டணம் அரசு நிர்ணயிப்பது, நேரம் பெர்மிட்டின் நிபந்தனை. கட்டணத்தில் போட்டியிட முடியாது, ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் கலெக்ஷனில் சதவீதமாகப் பேட்டா. பிறகு மிஞ்சுவது டைமிங் சண்டைதான். நீங்கள் சொல்கிறபடி திறந்துவிட்டால் அந்தச் சண்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து சாலைக்கு நகரும், அவ்வளவே. பெர்மிட் சொத்தாவதை நிறுத்த வேண்டுமானால் அதைக் காலவரையறையுள்ள ஒப்பந்தமாக்கி, ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி டெண்டர் விட வேண்டும். சென்னையில் 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து தொடங்கிய மின்பேருந்துகள் அந்த வகையில் சேர்ந்தவை: வண்டியும் ஓட்டுநரும் தனியார், நடத்துநரும் டிக்கெட் பணமும் மாநகரப் போக்குவரத்துக் கழகம், தனியாருக்குக் கிலோமீட்டர் கணக்கில் தொகை. சரியான திசை. இந்த மாதிரி ஒப்பந்தம் எங்கு வந்தாலும், இடைவெளி கெட்டால் எவ்வளவு பிடித்தம் என்ற பிரிவைத்தான் நான் முதலில் தேடிப் படிப்பேன்.

நீங்கள் செய்யக்கூடியது உண்டு. அளந்து பாருங்கள். பஸ் ஸ்டாண்டில் வேண்டாம், அங்கே எல்லா வண்டியும் நேரத்துக்குத்தான் புறப்படும். ரூட்டின் நடுவில் ஒரு நிறுத்தத்தில் நின்று, ஒரு வண்டி வந்த நேரத்தில் தொடங்கி, ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் வந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நிறுத்தாமல் போன வண்டி வராத வண்டி. ஒவ்வொரு இடைவெளியையும் அதே எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த நிமிடங்களின் இரு மடங்கால் வகுத்தால் உண்மையான சராசரிக் காத்திருப்பு. பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வர வேண்டிய ஆறு வண்டிகள் 18, 2, 18, 2, 18, 2 என்று வந்தால் கூட்டுத்தொகை 984. அதை 120ஆல் வகுத்தால் 8.2 நிமிடம். சீராக வந்திருந்தால் 5. மணிக்கு ஆறு வண்டி என்று பதிவேட்டில் சரியாக இருக்கும்போதே, ஒவ்வொரு பயணிக்கும் சராசரியாக 3.2 நிமிடம் போய்விட்டது.

வேலைநாள் காலை, வேலைநாள் மாலை, ஒரு ஞாயிறு என்று இரண்டு வாரம் எடுத்தால் போதும். வட்டாரப் போக்குவரத்து ஆணையம் ஒரு மாதத்துக்குக் குறையாத முன்னறிவிப்புக் கொடுத்து பெர்மிட் நிபந்தனைகளை மாற்றலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 72ஆம் பிரிவு சொல்கிறது. பஸ் சரியில்லை என்று எழுதாமல், இந்த நிறுத்தத்தில் இத்தனை மணிக்கு இந்த இடைவெளிகள், இந்த இரண்டு வண்டிகளின் நேரத்தை இவ்வளவு நிமிடம் தள்ளினால் காத்திருப்பு இவ்வளவு குறையும் என்று அட்டவணையோடு எழுதுங்கள். எண்களை எனக்கும் அனுப்புங்கள். கணக்கைச் சரிபார்த்துத் தருகிறேன்.